மஞ்சள்கரை மருள்

மருள் செடியின் மூன்றாவது இலையும் சாய்ந்து தொட்டி விளிம்பில் கிடப்பதைப் பார்த்ததும் சேவுகன் உண்ணாமலையின் கொண்டையைப் பிடித்தான். கொல்லைக்கு இழுத்துப்போய் மண்டியிட வைத்து, முகத்தைத் தொட்டியோடு சேர்த்து அழுத்தினான். ஓட்டு விளிம்பு குத்தி உதடு கிழிந்தது. அவள் இரண்டு கைகளாலும் வயிற்றை மூடிக்கொண்டாள். முகத்தை அவன் இஷ்டத்துக்கு விட்டுவிட்டாள்.

"தண்ணி ஊத்தாதடின்னு சொன்னேனா இல்லியா?"

"ஊத்தலங்க."

அது உண்மை. அவள் தண்ணீர் ஊற்றவில்லை.

சமஸ்தானம் இருந்தவரை சேவுகன் புதுக்கோட்டையில் ஓர் அதிகாரியின் பங்களாவில் தோட்டக்காரன். சமஸ்தானம் போனதும் அதிகாரியும் போய்விட்டார். சேவுகனுக்கு மிஞ்சியது இந்த ஒரு தொட்டி. வரப்பில் தானாக முளைக்கிற மருள் இல்லை இது. இடுப்பளவு உயரம், கத்தி மாதிரி நிமிர்ந்த இலைகள், இரண்டு ஓரமும் மஞ்சள் கரை. கந்தர்வக்கோட்டைக்குக் குடிவந்த அன்று வண்டியில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உண்ணாமலை வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தாள். இங்கே அவனுக்கு முந்திரிக்காட்டில் கூலி வேலை. மேஸ்திரி அவனை ஏசுகிற நாளில் வீட்டுக்கு வந்து ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைப்பான். பிறகு அவளை அடிப்பான். பக்கத்து வீட்டு ஜன்னத் பீவி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து ஒருநாள் சொன்னாள்: "அடுத்த பொறப்புல தொட்டியில மொளச்சு வாம்மா. ராசாத்தியாட்டம் வச்சிருப்பான்." உண்ணாமலை சிரித்தாள். விலா குத்தியதால் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மதுவிலக்கு வந்த பிறகும் முந்திரிக்காட்டில் பழச்சாராயத்துக்குக் குறைவில்லை. சேவுகன் ஒரு புட்டி கொண்டுவந்து குதிருக்குள் ஒளித்து வைப்பான். வேலைக்குப் போய் வந்து குடிப்பான். முழு போதை ஏறினால் காலால் உதைப்பான். போதை பாதியென்றால் கை மட்டும்தான் நீளும். முன்னால் இரண்டு பிள்ளைகள் உதையில் கலைந்தன. இரண்டாவது தடவை மருத்துவச்சி துணியைச் சுருட்டிக்கொண்டே, இனிமேல் ஒன்று தங்கினால் அதுவே கடைசி என்று சொல்லிவிட்டுப் போனாள். இப்போது தங்கியிருந்தது. வயிறு வெளியே தெரிய ஆரம்பித்த வாரம் உண்ணாமலை குதிருக்குள் கையை விட்டாள்.

பாதியைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் கலந்தாள். காரத்துக்கு வரமிளகாயை ஊறப்போட்டு எடுத்தாள். அவன் ஒரு மிடறு குடித்துவிட்டு, இன்றைக்குச் சரக்கு ஜோர் என்றான். அன்று கன்னத்தில் அறைந்ததோடு தூங்கிப்போனான். அவள் விடியும்வரை வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு கிடந்தாள்.

கொட்டுகிற இடம்தான் சிக்கலாக இருந்தது. முதல் நாள் வேலியோரம் கொட்டினாள். ஜன்னத் பீவியின் சேவல் அதைக் கொத்திவிட்டுத் தன் காலிலேயே இடறி விழுந்தது. மெழுகிய தரையில் கொட்டினால் வாடை நிற்கும். சாராயம் பிடிக்கிற போலீஸ்காரர்கள் வீடு வீடாக மோந்து பார்க்கிற காலம். மருள் தொட்டியில் ஊற்றியபோது மண் சத்தமில்லாமல் குடித்துக்கொண்டது. அப்புறம் தினமும் அங்கேதான்.

முதல் இலை சாய்ந்தபோது ஈர்க்குச்சி நட்டு வாழைநாரால் நிமிர்த்திக் கட்டினாள். அவன் கண்டுபிடித்து நாரைப் பிய்த்தான். குச்சி கொடுத்தால் நிமிருமா, வேரில் நோவு என்றான். அன்றும் அறைதான். அறை வாங்கிக்கொள்ள அவளுக்குத் தெரியும்.

இன்று அவன் வேலைக்குப் போகவில்லை. கொண்டையை விட்டுவிட்டு வளைகத்தியை எடுத்துவந்து சாணைக்கல்லில் தீட்டினான். செடியைக் கையில் எடுத்துவிட்டால் அவன் வேறு ஆளாகிவிடுவான். குரல்கூடத் தணியும். மருளுக்குத் தண்ணீர்தான் விஷம் என்றான். அழுகின வேரை வெட்டி, வெட்டுவாய் காயும்வரை நிழலில் போட்டு, மணல் கலந்த மண்ணில் நட்டால் புதுசாகக் கிளம்பிவிடும்.

"தயங்கித் தயங்கி அறுக்கப்படாது. ஒரே வெட்டு. பாதியில நிறுத்துனா மிச்சமும் அழுகிப்போகும்."

உண்ணாமலை முந்தானையால் உதட்டை ஒற்றிக்கொண்டு அவனுக்குப் பின்னால் நின்றாள்.

"நாளைக்குப் பாத்துக்கலாங்க. நானே மண்ணு மாத்தி வச்சிருதேன்."

"நீ கைய வச்சதுதான் இது."

தொட்டியைச் சாய்த்து உலுக்கினான். மண் மொத்தமாக வந்து விழுந்தது. வேர்கள் பழுப்பாகக் குழைந்திருந்தன. கத்தியால் வெட்டினான். ஒரே வெட்டு. கிழங்கில் வெள்ளையாக ஒரு துண்டு மட்டும் நல்லதாக இருந்தது. அதைப் பிள்ளையைக் கிடத்துவதுபோல் நிழலில் கிடத்தினான். கத்தியை வலது பக்கம் சற்றுப் பின்னால் தரையில் வைத்தான். எந்த மண்ணானாலும் மோந்து பார்ப்பது பங்களாக் காலத்துப் பழக்கம். ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனான்.

அவன் முதுகு அப்படியே நின்றது. இன்னொரு பிடி அள்ளினான். நுனிநாக்கில் வைத்துப் பார்த்தான். மிளகாய் விதை ஒன்றை விரலில் உருட்டினான்.

வேலிக்கு அந்தப்பக்கம் ஜன்னத் பீவி கோழிகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாளாடி?" என்றான். திரும்பவில்லை. குரல் தணிந்தே இருந்தது.

அவன் மண்ணைக் கீழே உதறினான். கண்களைக் குவியலிலிருந்து எடுக்காமலே வலது கையைப் பின்னால் நீட்டித் தரையைத் தடவினான். விரல்கள் ஈரமண்ணைத் தொட்டன, வெட்டிப்போட்ட வேர்களைத் தொட்டன. கத்தி வைத்த இடத்தில் அதன் தடம் மட்டும் இருந்தது. விரல்கள் அந்தத் தடத்தின் மேலேயே ஒரு தடவை போய், திரும்பி வந்தன.