இரண்டாவது படம்

"நீ அசைஞ்சிட்டே. இன்னொண்ணு எடுத்துடலாம்," என்றார் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அவள் கணவர்.

அவள் அசையவே இல்லை. சில்லென்ற பலகையில் மார்பை ஒட்டி, மூச்சைப் பிடித்து, மரக்கட்டையாக நின்றிருந்தாள். ஒரு மாதமாக விடாத இருமல்கூட அந்த நேரம் பார்த்து அடங்கியிருந்தது. எக்ஸ்ரே எடுத்து எடுத்தே தலை நரைத்த மனுஷர், இந்தத் தந்திரத்தைச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவளிடமே எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! படத்தில் கெட்டது தெரிந்தால் முகத்தைச் சரிபண்ணிக்கொள்ள நேரம் வேண்டும். 'அசைஞ்சிட்டீங்க' என்று பழியை நோயாளி தலையில் போட்டுவிட வேண்டியதுதான். இப்போது யாரிடம் சொல்கிறோம் என்பதையே மறந்துவிட்டார், பாவி மனுஷர்.

"ஒண்ணும் இல்லையேங்க?" என்றாள் வெளியே வந்ததும்.

"டாக்டர் பாத்துச் சொல்லுவார்." சால்வையை அவரே எடுத்து அவள் தோளில் போர்த்திவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து செய்யாத வேலை.

பஸ்ஸில் ஜன்னலோர இடத்தையும் விட்டுக்கொடுத்தார். கொஞ்ச தூரம் போனதும், "பயப்படாத. கடவுள் இருக்கார்," என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடவுளா? இவர் வாயிலிருந்தா? "ஊர்ப்பட்ட ஜனத்தை உள்ள பாத்துட்டேன். கல்லு இருக்கு, சளி இருக்கு. உன் சாமி ஒருத்தர்கிட்டயும் இல்ல," என்று எகத்தாளம் பேசுகிறவர். பிறந்ததே தப்பு, வலி ஒன்றுதான் நிஜம், நடுவில் வருகிற நல்ல நாளெல்லாம் சும்மா ஏய்ப்பு என்பார். பிறந்த அன்றே குழந்தை போனபோதுகூட அந்தப் பெயரைக் கூப்பிடவில்லை. அப்போது வாயில் வராத கடவுள் இன்றைக்கு வருகிறதென்றால், அப்படி எதைத்தான் பார்த்துத் தொலைத்தார்?

இவருக்கு நம்பிக்கை வரவேண்டும் என்று அவள் வேண்டாத நாளில்லை. கேட்டதைச் சாமி கொடுத்துவிட்டது. பதிலுக்கு எதைப் பிடுங்கிக்கொள்ளப் போகிறதோ! வாழ்நாளெல்லாம் நம்பிய கடவுள்மேல் முதல்முறையாக அவளுக்குச் சந்தேகம் வந்தது.

சாயங்காலம் அவள் கும்பிட நின்றால் டிவியைச் சத்தமாக வைப்பது அவர் வழக்கம். இன்று பூனை மாதிரி வந்து பக்கத்தில் நின்றார்.

"என்னங்க, டிவி போடலையா?"

"நீ கும்பிடு."

"எப்பவும் திட்டுவீங்களே. ஒரு வார்த்தை திட்டுங்க, கேக்கலாம்போல இருக்கு."

கண்ணை இறுக மூடியிருந்தார். உதடுகள் மட்டும் ஏதோ முணுமுணுத்தன. என்ன சொல்வதென்று தெரியாமல் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதுபோல் இருந்தது.

அவளால் கும்பிட முடியவில்லை. அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கும்பிட்டுப் பழகாத கைகள். விரல்கள் கோணல்மாணலாகக் கோத்துக்கொண்டு, மூட்டுகள் வெளுத்துப்போகும்படி ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன.