ஜூஸ் இறங்கிய பந்து

பல் டாக்டரின் கிளினிக்கில் உதவியாளராக இருந்த அவளுக்கு மதியச் சாப்பாட்டைவிடக் கீழ்த்தளத்து வீடியோ கேம் கடைதான் பெரிது. அங்கே மூலையில் நின்ற விண்கல் ஆட்ட மெஷின் என்றால் உயிர். அதில் ஜாய்ஸ்டிக் கிடையாது. பலகையின் நடுவே பாதி புதைந்தாற்போல ஒரு பந்து இருக்கும், டிராக்பால் என்பார்கள். உள்ளங்கையால் உருட்டினால் திரையில் குறி ஓடும். நகரத்தின் மேல் விழும் கற்களை அந்தக் குறியால் பிடித்துச் சுட வேண்டும். அந்தப் பந்து அவள் கைக்கு அப்படிப் பழகியிருந்தது.

கடைக்காரர் ஒரு போட்டி வைத்தார். டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டியும், அதோடு சேர்ந்த டிராக்பாலும் பரிசு. ஞாயிற்றுக்கிழமை கணவனையும் இழுத்துக்கொண்டு போனாள்.

முதலில் ஆடியவன் கடைக்காரரின் மச்சினன். அவனுக்காகவே பந்தை வெளியே எடுத்து, அடியிலிருக்கும் உருளைகளைத் துடைத்து மாட்டிக் கொடுத்தார் கடைக்காரர். அவனும் பெரிய ஸ்கோர் எடுத்தான். எடுத்த குஷியில் பக்கத்திலிருந்த ஜூஸ் டம்ளரைத் தட்டிவிட்டான். ஜூஸ் பந்தைச் சுற்றியிருந்த இடுக்கில் இறங்கியது. கடைக்காரர் மேலாக ஒரு துடை துடைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அது ஒரு ஸ்கூல் வேன் டிரைவர். அவருடைய நகரம் கண் மூடித் திறப்பதற்குள் தரைமட்டமானது.

மூன்றாவதாக அவள். கை வைத்ததுமே பிசுபிசுத்தது. வலப்பக்கம் உருண்ட பந்து இடப்பக்கம் அசைய மறுத்தது. ஆட்டத்தைத் தொடங்காமல் திரும்பினாள்.

"அண்ணே, பந்து ஒட்டுது. கழட்டித் துடைச்சுக் குடுங்க."

"போட்டி நடக்கும்போது திறக்கக் கூடாதும்மா. எல்லாருக்கும் இதே பந்துதான்."

"உங்க மச்சினருக்கு மட்டும் திறந்தீங்களே?"

"அது ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி."

மச்சினன் சிரித்தான். "ஆடத் தெரியலைன்னா பந்து மேல பழியைப் போடுறதா?"

அவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. கணவன் முழங்கையைத் தொட்டான். "விடு, போயிடலாம். விளையாட்டுக்குப் போய் எதுக்கு வம்பு?"

"விளையாட்டுன்னா ஏமாத்தலாமா? துடைக்கிற வரைக்கும் நான் நகர மாட்டேன்."

அவள் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வரிசை தேங்கியது. கடைக்காரருக்கு முகம் கடுகடுத்தது. விறுவிறுவென்று வந்து சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார். திரை இருண்டது.

"போட்டியே கிடையாது. எல்லாரும் கிளம்புங்க."

"மாமா, என் ஸ்கோர் போச்சே," என்று அலறினான் மச்சினன். அணைத்தால் ஸ்கோரெல்லாம் அழிந்துவிடும் என்பதைக் கோபத்தில் கடைக்காரர் யோசிக்கவில்லை.

அதுவரை ஓரமாக நின்ற வேன் டிரைவர் முன்னால் வந்தார். "எனக்கும் ஒட்டுச்சு. என் கைதான் சரியில்லைன்னு நினைச்சு வாயை மூடிட்டுப் போயிட்டேன். திறங்க, பாக்கலாம்." வரிசையில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவரும் வாசல் பக்கம் நகரவில்லை.

கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே சாவியை எடுத்தார். பந்தைத் தூக்கியதும் உருளைகளில் ஜூஸ் பாகுபோல ஒட்டியிருந்தது எல்லோர் கண்ணுக்கும் பட்டது. மச்சினன் தன் செருப்பைப் பார்த்தான்.

துடைத்து மாட்டி, முதலிலிருந்து ஆடினார்கள். மச்சினன் இந்தமுறை பாதி ஸ்கோர்கூட எடுக்கவில்லை. அவள் உள்ளங்கை சிவக்கச் சிவக்க ஆடினாள். வேன் டிரைவரோ அவளையும் தாண்டிவிட்டார். பரிசு அவருக்குப் போனது.

"இவ்வளவு ரகளை பண்ணியும் உனக்குக் கிடைக்கலையேம்மா," என்றார் கடைக்காரர், குத்தலாக.

"நான் ஜெயிக்கணும்னு கேக்கல. பந்து உருளணும்னுதான் கேட்டேன்."

வெளியே வந்தும் அவளுக்குக் கோபம் ஆறவில்லை. கணவன் மெல்லக் கேட்டான்.

"அவர் திறக்கவே மாட்டேன்னு சொல்லியிருந்தா?"

"அங்கேயே நின்னிருப்பேன். நீதான் தனியா வீட்டுக்குப் போயிருக்கணும்."

அவன் சிவந்திருந்த அவள் கையைப் பிடித்துப் பார்த்தான்.