ஐந்தாவது கட்டம்

வருகைப் பதிவேட்டில் ஐந்து கட்டங்கள் இருந்தன. தேதி, நேரம், பார்க்க வேண்டியவர், வந்தவர் கையெழுத்து, உறவு. நூலில் கட்டியிருந்த பேனாவால் முதல் மூன்றை நிரப்பினேன். கையெழுத்தும் போட்டேன், என் கையெழுத்தை வங்கிக்காரர்களைத் தவிர யாராலும் படிக்க முடியாது. ஐந்தாவது கட்டத்தில் 'தெரிந்தவர்' என்று எழுதினேன். மேசையில் இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, "அப்ப முன்கூடத்துல கால் மணி நேரம்தான் சார். குடும்பத்துக்காரங்கதான் உள்ள போய் எல்லாரும் மனசுவிட்டுப் பேசற வட்டத்துல உக்காரலாம்" என்றாள். கால் மணி நேரம் போதும் என்றேன்.

உள்ளே இருந்தவள் என் மகள். மருத்துவமனை ஒன்றின் மருந்துக் கிடங்கில் பொறுப்பாளராக இருந்தவள். முதுகுவலிக்கென்று ஆரம்பித்த மாத்திரை, வலி போன பிறகும் அவளை விடவில்லை. இருப்பில் குறைந்தபோது மாட்டிக்கொண்டாள். வழக்கு வேண்டாம், மறுவாழ்வு இல்லத்தில் சேரட்டும் என்று அவர்களே பெருந்தன்மையாக விட்டார்கள். வேலைமாற்றலில் வெளியூர் போயிருக்கிறாள் என்று தெருவில் சொல்லிவைத்தேன். எடை அளவுத் துறையில் முப்பத்து நான்கு வருடம் ஆய்வாளராக இருந்தவன் நான். கடைத்தெருவில் நான் நுழைந்தால் தராசுகள் தாமாகவே நேராக நிற்கும் என்று கேலி பேசுவார்கள். 'முத்திரை' என்றுதான் எனக்குப் பட்டப்பெயர். அந்தப் பெயருக்கு ஒரு கீறல்கூட விழாமல் பார்த்துக்கொண்டவன்.

முதல் சனிக்கிழமையே அவளிடம் சொல்லிவிட்டேன். "இங்க யார் காதுல என்ன விழும்னு தெரியாது. எல்லார் முன்னாலயும் சார்னே கூப்பிடு."

கொஞ்ச நேரம் என் செருப்பைப் பார்த்தாள். "சரி சார்" என்றாள்.

வேலை நறுக்கென்று முடிந்த திருப்தியோடு வீடு திரும்பினேன். ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்க்கும்போதுதான் உறைத்தது. அவள் அம்மா போன பிறகு, உலகத்தில் என்னை அப்பா என்று கூப்பிட இருந்தது ஒரே ஒரு குரல். அதையும் நானே நிறுத்தியிருந்தேன்.

பத்து சனிக்கிழமைகள் அப்படியே போயின. பிளாஸ்டிக் நாற்காலிகளில் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். ஆரம்பத்தில் நடுங்கிக்கொண்டிருந்த அவள் கை மெல்ல அடங்கியது. கன்னத்தில் சதை பிடித்தது. ஒருநாள், "சாருக்கு முதுகு வலிக்காதா? மொட்டை மாடி கம்பம் மாதிரியே உக்காந்திருக்கீங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் ஆள் இருந்ததால் சிரிக்கவில்லை.

பதினோராவது சனிக்கிழமை ஆலோசகர் அம்மா என்னைத் தனியே அழைத்தார். தேறியவர்களுக்கென்று அடுத்த கட்ட விடுதி ஒன்று இருக்கிறது. தனி அறை, பகலில் வேலை. மூன்று இடங்கள்தான். அதில் ஒன்றுக்கு இவளை எழுதியிருக்கிறார்கள். ஆனால், குடும்பத்தில் ஒருவராவது ஒரு முறை வட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமைதான் கடைசி. இல்லையென்றால் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

"அப்பா இருக்கார், வர மாட்டார்னு எழுதிக் குடுத்திருக்காங்க. நீங்க வாரம் தவறாம வர்றீங்க. அவரைத் தெரியுமா சார்?"

"தெரியும்."

"எப்படிப்பட்டவர்?"

"நேர்மையானவர்."

"அது இருக்கட்டும். வருவாரா?"

சொல்லிப் பார்க்கிறேன் என்று எழுந்து வந்தேன். முன்கூடத்தில் மகளிடம், "ஏன் அப்படி எழுதின?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"வருவார்னு எப்படி எழுதறது? கண்ணால பாக்காததை எழுதக்கூடாதுன்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

அந்த வாரம் ஒரே சட்டையை மூன்று முறை தேய்த்தேன். எதிர்வீட்டுக்காரர், "என்ன முத்திரை, பொண்ணு லீவுக்குக்கூட வரக் காணோம்?" என்றபோது வழக்கமான பதில் வாயில் வரவில்லை. கதவைத் தாழிடுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

சனிக்கிழமை ஒன்பது நாற்பதுக்கே போய்விட்டேன். வட்டம் பத்து மணிக்கு. கதவை மூடினால் ஒரு மணி நேரத்துக்குத் திறக்க மாட்டார்கள் என்பது தெரியும். பேனாவை எடுத்து ஐந்தாவது கட்டத்தில் 'தந்தை' என்று எழுதினேன். எழுதியதும் மேலே கண் போனது. போன வாரத்து வரிசையில் அதே கையெழுத்து, பக்கத்தில் 'தெரிந்தவர்'. ஒரே ஏட்டில் ஒரே ஆள் இரண்டு விதமாக இருக்க முடியாது. என் வேலைக்காலத்தில் அப்படி ஒரு ஏட்டை நான் விட்டதில்லை. அழிக்கக்கூடாது, ஒற்றைக் கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, அருகில் தேதியோடு சுருக்கொப்பம் இட வேண்டும். பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். யார் யாரையோ பார்க்க வந்தவர்களின் வரிசைகளுக்கு நடுவே என் பதினோரு பொய்களையும் தேடித் திருத்தினேன். பத்து நிமிடத்து வேலைதான். ஆனால் ஒவ்வொன்றையும் மை காயும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே போவதைவிட இது சுலபமாக இருந்தது.

"சார், பத்தாகப் போகுது" என்றாள் மேசைப் பெண்.

"இன்னும் ரெண்டுதான்."

நிமிர்ந்தபோது கதவு மூடியிருந்தது. மேல்பாதி கண்ணாடி. உள்ளே வட்டமாக நாற்காலிகள், யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். மகள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வலப்பக்கத்து நாற்காலி காலி. அதன் கைப்பிடியில் அவள் கை இருந்தது.

மேசைப் பெண் ஏட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீங்கதான் அவங்க..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். "தட்டக்கூடாது சார். பேசறவங்க பயந்துடுவாங்க."

தட்டவில்லை. பேனா கட்டியிருந்த நூலை அவிழ்த்து ஏட்டைத் தூக்கினேன். நல்ல கனம். கதவருகே போய், 'தந்தை' என்று திருத்திய பக்கத்தை விரித்து, கண்ணாடியோடு சேர்த்து இரண்டு கைகளாலும் உயர்த்திப் பிடித்தேன். முன்கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் என்னையே பார்ப்பது பிடரியில் தெரிந்தது. ஏடு மறைத்ததால் எனக்கு உள்ளே ஒன்றும் தெரியவில்லை. அதன் பச்சை அட்டை மட்டும் முகத்துக்கு நேராக. கை கடுக்க ஆரம்பித்தது. இறக்கவில்லை.

பேச்சுக் குரல் நின்றது. பிறகு, ஒரு நாற்காலி தரையில் இழுபடும் சத்தம்.