பின்வாசல் முக்கோணம்

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே டீக்கடை பெஞ்சில் ஏழு ஆண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துணை சுகாதார நிலையத்துக்கு அன்றைக்கு வந்த கூட்டம் அவ்வளவுதான். எழுபத்தொன்றாம் வருஷம், சுருளிப்பட்டி தாண்டி ஒரு ஊரில் நான் நர்சாகச் சேர்ந்து மூன்று மாதம். வாசல் சுவரில் ஆள் உயரத்துக்குக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம். அந்தப் படியில் ஏறும் பெண் எதற்கு வருகிறாள் என்று டீக்கடையே முடிவு செய்துவிடும். வயிற்றுப்பிள்ளைக்காரிகள்கூட ஊசிக்கு வராமல் நழுவினார்கள்.

எனக்கு முக்கியமாக வரவேண்டியவள் ராமுத்தாய். நாலாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் கம்பம் ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோய்ப் பிழைத்தவள். இன்னொன்று உண்டானால் தாங்கமாட்டாள் என்று டாக்டரம்மா என்னிடம் சொல்லியிருந்தார். வயலுக்கே போய்க் கூப்பிட்டேன்.

"வரமாட்டேன்னா சொல்றேன்? அந்த வாசல்ல நொழஞ்சா எங்க வீட்டுக்காரரத்தான கேலி பேசுவாக" என்றாள்.

கட்டடம் கம்பத்து வியாபாரி அப்துல் சமதுவுடையது. ஓடு மாற்ற வந்தவரிடம் புலம்பினேன்.

"எங்க தெருவுல பொம்பளைக போக வர பின்சந்துதான். இங்கனயும் பின்னால ஒரு கதவு வச்சுருவோம், நர்சம்மா."

ஒரே வாரத்தில் வைத்துக் கொடுத்தார். பின்னால் மாட்டுக்கொட்டமும் வாய்க்காலும்தான். பகலில் ஆண்களுக்கு அங்கே வேலையில்லை. அந்தச் சந்தோஷத்தில் புத்திகெட்டு, புதுக்கதவு வைத்த விவரத்தை மேலாபீசுக்கு எழுதிப் போட்டேன். பாராட்டு வரும் என்று பார்த்தால் பெயிண்டர் வந்தார். வாசல் என்றால் முக்கோணம் இருக்க வேண்டுமாம். நான் ஊசி போட வெளியே போயிருந்த நேரத்தில், முன்வாசலில் இருப்பதைவிடப் பெரிதாக வரைந்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் பின்கதவைத் திறந்தால் ராமுத்தாய் சாணிக்கூடையோடு நிற்கிறாள். முக்கோணத்தின் மேல் வரிசையாக வரட்டி.

"நான் வரட்டி தட்ட வந்தேன். யாரு கேட்டாலும் அதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

கண் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்துக் கிடந்தது. கருத்தடை லூப் வைத்தால் ரத்தம் இன்னும் போகும், பெண்களுக்குச் செய்யும் பெரிய ஆபரேஷனுக்கும் உடம்பில் தெம்பில்லை. இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்து, ஆண்களுக்குச் சின்ன ஆபரேஷன் இருக்கிறது, வீட்டுக்காரர் மனசு வைத்தால் நீ பயமில்லாமல் இருக்கலாம் என்றேன்.

"அவுககிட்ட இத நான் எப்பிடிச் சொல்ல?" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கப்புறம் ஊரில் எல்லாப் பெண்களுக்கும் என் சுவரில்தான் வரட்டி நன்றாகக் காய்ந்தது. ஊசிக்கு வந்தார்கள், லூப்புக்கு வந்தார்கள், மாமியாரிடம்கூடச் சொல்லாத நோவைச் சொன்னார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரி முக்கோணம் எங்கே என்று கேட்டார். அடியில் இருக்கிறது சார் என்றேன். பதிவேட்டில் இருந்த பெயர்களைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வேலைக்கு வந்தது நல்லதுதான் என்று முதல்முறையாக நினைத்தேன். ராமுத்தாய் விஷயம் மட்டும் முடியாமல் கிடந்தது.

தை மாதம் ஒரு மத்தியானம் பின்கதவு தட்டும் சத்தம். ராமுத்தாயின் புருஷன் சின்னக்கருப்பு, தலையில் சாணிக்கூடையோடு. என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"ஆம்பளைக்கும் உண்டுன்னு சொன்னீகளாம்ல. அவளா சொல்லல. மாத்திர எதுக்குன்னு நாந்தான் விடாமக் கேட்டேன்."

"புதன்கிழமை கம்பத்துல வச்சு செய்வாக. நானும் கூட வர்றேன்."

தலையாட்டினார். எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்துப்போனது.

சந்து முனையில் ஆண்குரல் கேட்டது. அவர் அவசரமாக ஒரு கை சாணியை அள்ளிச் சுவரில் அடித்தார். வழுக்கிக் காலடியில் விழுந்தது. மறுபடி அடித்தார். அதுவும் விழுந்தது.

"உமி சேக்கணும்ணே" என்றேன்.

"அது வேறயா" என்று முணுமுணுத்துவிட்டு, மூன்றாவதை இரண்டு கையாலும் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கையை எடுக்காமல் நின்றார்.