நகப்பாலிஷ் பொட்டு

தாஜுன்னிசா யாரையும் லேசில் நம்புகிற ரகமில்லை. மீன்காரியின் தராசைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மீனையே தொடுவாள். அப்படிப்பட்டவள், புருஷன் தன் கையால் பாகம் பாகமாகப் பூட்டிய கம்ப்யூட்டரை முன்பின் தெரியாத ஒருத்தனிடம் விட்டுவிடுவாளா என்ன?

ஹமீது சுல்தான் லீவுக்கு லீவு சார்ஜாவிலிருந்து ஒவ்வொரு சாமானாகக் கொண்டுவந்து சேர்த்த பெட்டி அது. பத்து மாத மகளை அவர் இன்னும் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்கத்தான் கேமரா அனுப்பியிருந்தார். பழைய விண்டோஸில் கேமரா வேலை செய்யாது, எக்ஸ்பி என்கிற புது விண்டோஸ் ஏற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவர் நெட்டில் வருவார். அதை விட்டால் அடுத்த வாரம் பாலைவனத்து சைட்டுக்கு மாற்றிவிடுவார்கள், அங்கே நெட்டாவது ஒன்றாவது!

ஏற்ற வருகிற பூமிநாதன் நயினார்கோவில்காரன், கீழக்கரையில் ஒரு கடையில் வேலை. கம்ப்யூட்டர் பார்க்க வருகிறவர்கள் மெமரியை உருவிக்கொண்டு மட்டமானதைச் சொருகிவிடுவார்கள் என்று தெருவெல்லாம் பேச்சு. கல்யாண வீட்டுக்கு இரவல் போகிற பெரிய சஹன் தட்டுகள் மாறிவிடாமலிருக்க, அந்தத் தெருப் பெண்கள் அடியில் நகப்பாலிஷ் பொட்டு வைப்பார்கள். தாஜுன்னிசாவும் அதையே செய்தாள். கடற்காற்றில் களிம்பு பிடிக்கிற மெமரிப் பட்டையைக் கழற்றி ரப்பரால் துடைக்க புருஷன் ஏற்கெனவே பழக்கியிருந்தார். கழற்றிப் பார்த்தால் பட்டை முழுக்கச் சில்லும் ஸ்டிக்கரும். கீழே பள்ளத்துக்குள் சொருகுகிற தங்கப் பல் வரிசையில்தான் இடம் இருந்தது. அங்கே சிவப்பாக ஒரு பொட்டு வைத்து, காய்ந்ததும் சொருகிவிட்டாள்.

புதன்கிழமை பூமிநாதன் வந்தான். அறையில் உம்மா காவலிருக்க, இவள் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றாள். தெரிந்ததெல்லாம் அவன் முதுகுதான். எக்ஸ்பி பாதி ஏறி நின்றுபோனது. பெட்டியைத் திறந்து என்னமோ நோண்டினான், மறுபடி போட்டான், கம்ப்யூட்டர் திரை நீலமாகிவிட்டது. பழையதும் போச்சு, புதியதும் இல்லை.

"சிடி கோளாறு போலருக்குக்கா. வெள்ளிக்கெழம வேற கொண்டுவாரேன்" என்று கிளம்பினான்.

அவன் தலை மறைந்ததும் பெட்டியைத் திறந்தாள். மெமரியில் பொட்டைக் காணோம்! அன்றைக்கே போனில் புருஷனிடம் கொட்டித் தீர்த்தாள்.

"மாத்திட்டான் மச்சான், களவாணிப் பய!"

"நீ விடு. கடை மொதலாளிட்ட நான் பேசிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் பூமிநாதன் புது சிடியோடு வந்தான். அதுவும் அதே இடத்தில் நின்றது. மெமரியைக் கழற்றி, சொருகுகிற பள்ளத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான்.

"என்னக்கா, இங்கன செவப்பா அப்பியிருக்கு? நகப்பாலிஷ் கணக்கா இருக்கே. அழிக்கிற தண்ணி இருக்கா?"

தாஜுன்னிசாவுக்குப் புரிந்துவிட்டது. சொருகும்போதே பொட்டு உரசிப் பள்ளத்தில் ஒட்டியிருக்கிறது, எக்ஸ்பி பாதியில் நின்றதும் அதனால்தான். அவன் எதையும் மாற்றவில்லை. சொல்லிவிட வேண்டியதுதானே? பாட்டிலை உம்மா கையில் கொடுத்து, "பிள்ளை வெளையாண்டிருக்கும்" என்றாள். பத்து மாதப் பிள்ளை பெட்டியைக் கழற்றியதாம்! பூமிநாதன் பஞ்சில் தொட்டுப் பள்ளத்தைத் துடைத்தான்.

எக்ஸ்பி முழுசாக ஏறியது. மூன்று மணிக்கு ஹமீது சுல்தானின் முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஸ்பீக்கர் அலறியது.

"தாஜு! அந்தக் களவாணி மெமரியத் திருப்பித் தந்துட்டானா? மொதலாளிட்ட சொல்லிட்டேன். இந்த வேலைய முடிச்சிட்டு வரட்டும், இன்னையோட நிப்பாட்டிர்றேன்னுட்டார்!"

மவுஸின் மேல் பூமிநாதனின் கை அப்படியே நின்றது. தாஜுன்னிசா பிள்ளையோடு கதவுத் திரையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அந்நிய ஆம்பளை இருக்கிறானே என்ற நினைப்பே இல்லை.

"அவர் எதையும் எடுக்கல மச்சான்! பொட்டு வச்சுக் கெடுத்தவ நாந்தான். மொதல்ல மொதலாளிக்குப் போனப் போடுங்க, பிள்ளைய அப்புறம் பாக்கலாம்!"

"என்னது? கேக்கல, விட்டு விட்டு வருது..."

பூமிநாதன் எழுந்து பையைத் தோளில் மாட்டினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"பிள்ளையக் காட்டுங்கக்கா. லைன் கட்டாயிரும்."