காருக்குள் ஓர் ஒத்திகை

பழைய கார் கேமராக்களில் அழிக்காமல் விட்டிருந்த காட்சிகளை வைத்து ஆவணப்படம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. அதை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த எடிட்டருக்கு ஒரு காட்சி வந்ததும் இருப்புக்கொள்ளவில்லை. திரையில் சாலை மட்டும் ஓடியது. காரை ஓட்டியவன் தனியாகப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்க பாரும்மா, எனக்கு வேலை போயிடுச்சு."

தொண்டையைச் செருமிக்கொண்டு, அதையே சிரித்த குரலில் மறுபடி சொன்னான். கடைசியில் கார் ஒரு பச்சை கேட்டின் முன்னால் நின்றது.

"படத்துக்கு உயிரே இதுதான்!" என்று துள்ளினார் இயக்குநர்.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம் சார்," என்றாள் எடிட்டர்.

தெருப் பலகையும் காட்சியில் தெரிந்ததால் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஈரக் கையோடு ஒரு பெண் கதவைத் திறந்தாள்.

"வீட்டுக்காரர் இருக்காராக்கா?"

"ஆபீஸ் போயிருக்காரே. பாவம், இப்பல்லாம் அவருக்கு வேலை ஜாஸ்தி. நீங்க அங்கேருந்தா வர்றீங்க?"

"இல்லக்கா, வீடு மாறி வந்துட்டேன்," என்று சொல்லிவிட்டு எடிட்டர் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

"அந்தக் காட்சி வேணாம் சார்," என்றாள், ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக.

"ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா?"

"அவர் இன்னும் வீட்ல சொல்லல சார்."

இயக்குநரே அதைப் படத்திலிருந்து எடுத்தார். ஆனாலும் அவளுக்கு மனசு ஆறவில்லை. சிக்னலில் நிற்கும் கார்களுக்குள் உதடு அசைகிற முகங்களை இன்னமும் தேடிக்கொண்டுதான் இருக்கிறாள்.