கம்பெனி ஃபிட்டிங்

உதயா வெறுங்கையால் தொட்ட காரிலிருந்து, கம்பெனியை விட்டு வந்தபோது அதில் இல்லாதவை எல்லாம் கழன்று விழுவதற்குச் சரியாகப் பதினேழு மணி நேரம் ஆகும். முதலில் பின்கதவில் ஒட்டிய எழுத்துகள் உதிரும். பிறகு தொடுதிரை, தோல் உறை, அலாய் சக்கரம் என்று ஒவ்வொன்றாக, மாங்காய் விழுவது போல அதிகச் சத்தமில்லாமல் விழும். எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ராஜகீழ்ப்பாக்கத்தைச் சுற்றிப் பழைய கார் வாங்குகிறவர்களுக்கு இது தெரியும். விற்கிறவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். சாதா மாடலை வாங்கி, டாப் மாடலின் சாமான்களை மாட்டி, டாப் மாடல் விலைக்குத் தள்ளிவிடுவது இந்தப் பக்கம் புதிய தொழில் அல்ல. அதனால் வாங்குகிறவர்கள் வண்டியை முந்தின நாளே உதயாவின் அப்பா அரிகிருஷ்ணனின் யார்டில் கொண்டுவந்து விடுவார்கள். சாமி படம், 786 ஸ்டிக்கர், திருஷ்டிக் கயிறு ஆகியவற்றை வண்டிக்காரரே முதலில் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் ஒரு பிள்ளையார் கால்மிதியில் விழுந்து, பல்லாவரத்துக்காரர் ஒருவர் வண்டியில் திரும்ப ஏறவே மறுத்துவிட்டார். அன்றிலிருந்து இந்த வழக்கம். விழுந்தவற்றைச் சாக்கில் கட்டி, வண்டி நம்பரை எழுதி, விற்க வந்தவரிடமே கொடுத்துவிடுவார்கள்.

உதயா பி.எஸ்சி. இயற்பியல். இது தொடங்கியபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. பயப்படுவதற்கு முன் ஒரு நோட்டு வாங்கினாள். வெயில், மழை, வண்டியின் வயது, தொட்ட இடம் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்து எழுதினாள். எதை மாற்றினாலும் பதினேழு மணி நேரம் மாறவில்லை. டயரும் பேட்டரியும் புதிதாக மாற்றியவையாக இருந்தாலும் விழுவதில்லை. 'காரணம் தெரியவில்லை' என்று எழுதி அடிக்கோடிட்டாள். தொடுவதற்கு முன் சேசிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிடுவாள். கண்ணாடிகளின் மூலையில் உள்ள வருடத்தைப் படிப்பாள். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்து அடியில் தைத்திருக்கும் தேதியைப் பார்ப்பாள். பாதி வண்டிகளில் உண்மை அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் யாரும் அதற்காக வருவதில்லை. பொருள் விழுவதைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

மனிதர்களிடமும் இது நடக்கும் என்பது கல்லூரித் தோழி சின்மயியின் கல்யாணத்தில் தெரிந்தது. மேடையில் சின்மயி அவள் கையைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றாள். மறுநாள் மாமியார் வீட்டில் காபி கொடுக்கும்போது அவளுடைய முடி பாதியாகக் குறைந்தது. அதன் பிறகு அவள் போன் எடுக்கவில்லை. அடுத்த மாதம் சேலையூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர் காபி டம்ளரை வாங்கும்போது விரல் பட்டது. மறுநாள் அவருக்கு நேர்ந்ததைப் பற்றி அந்தக் குடும்பம் வாயைத் திறக்கவில்லை. வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள். உதயா மருந்துக்கடையில் ரப்பர் கையுறை ஒரு பெட்டி வாங்கினாள். பிறகு மாதம் ஒரு பெட்டி. பஸ்ஸில் ஏறுவதை விட்டாள். ஷேர் ஆட்டோவையும் விட்டாள். மாலையில் மாடியில் நின்று மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களை எண்ணுவாள். யாராவது கேட்டால் சொல்லலாம் என்று எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்வாள். யாரும் கேட்டதில்லை.

அப்பாவை அவள் ஆறு வருடமாகத் தொடவில்லை. அதற்கு வேறு காரணம் இருந்தது. அம்மா சந்திரிகா இறந்த மறுமாதம், பத்தாம் வகுப்புத் தேர்வுக்குக் கொடுக்கப் பிறப்புச் சான்றிதழைத் தேடியவள், பீரோவின் உள்ளறையில் ஒரு நீதிமன்ற உத்தரவைப் பார்த்தாள். அரிகிருஷ்ணனும் சந்திரிகாவும் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்ததாக அதில் இருந்தது. குழந்தையின் பெயர் உதயா. இரண்டு முறை படித்துவிட்டு, பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தாள். அப்பா சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பின்னால் மாட்டிய பொருள்கள் கண்ணெதிரே விழ ஆரம்பித்த பிறகு, அந்தக் காகிதம் அடிக்கடி ஞாபகத்துக்கு வந்தது. அப்பா என்ற மனிதரிடம் பின்னால் வந்து சேர்ந்தது எது என்று அவளுக்குத் தெரியும். தொட்டால், மறுநாள் அவர் மரியாதையாக, "யாரும்மா நீ, இன்னா வேணும்?" என்று கேட்பார். அந்தக் குரல் அவளுக்குத் துல்லியமாகக் கேட்டது. அதனால் அப்பா சாவியை ஸ்டூல் மேல் வைப்பார், அவள் ஸ்டூலிலிருந்து எடுத்துக்கொள்வாள். அவர் ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

இந்த வருடம் மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் பொழிச்சலூர் மொஹ்சின் ஒரு வெள்ளைக் காரோடு வந்தான். அவன் மனைவி ருக்ஸானாவுக்கு ஏழாம் மாதம். ஆறு ஏர்பேக் இருக்கிற வண்டிதான் வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். வண்டியைக் காட்டிய புரோக்கர் மாரி கூடவே வந்திருந்தான்.

"ஆறு ஏர்பேக் மச்சான். வண்டி இடிச்சா நீ பலூன் மாதிரி மெதந்துகினு வூடு போய்ச் சேர்ந்துடுவ."

"மெதக்க வேணாம். வீடு போய்ச் சேர்ந்தா போதும்" என்றான் மொஹ்சின்.

மாரி உதயாவின் பக்கம் திரும்பினான். "அக்கா, ஒரு தபா கை வைக்காம கண்ணால மட்டும் பார்த்துச் சொல்லேன். நம்ம ஏரியா புள்ளைங்க பொழைக்க வேணாமா?"

உதயா சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள். முன்னால் இருந்த இரண்டும் காரைவிட மூன்று வருடம் இளையவை, வண்டி எங்கோ இடித்த பிறகு மாற்றியவை. வலது கையுறையைக் கழற்றி, ஓட்டுநர் கதவில் உள்ளங்கையை வைத்தாள். மணி மூன்று பத்து. அதைக் குறித்துவிட்டு, வண்டியின் மற்ற விவரங்களை நோட்டில் எழுதி முடிக்கும்போது பின்னால் ஸ்டூல் சரியும் சத்தம் கேட்டது. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் வெயிலில் நின்றிருந்த அரிகிருஷ்ணன் கண் இருண்டு சாய்ந்துகொண்டிருந்தார். தலை தரையில் படுவதற்குள் அவள் ஓடிப்போய்ப் பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்தாள். அவர் பின்கழுத்தின் வியர்வை உள்ளங்கையில் பட்ட பிறகுதான் வலது கையில் உறை இல்லை என்பது உறைத்தது. மொஹ்சின் தண்ணீர் தெளித்தான், மாரி ஓடிப்போய் இளநீர் வாங்கிவந்தான். அரிகிருஷ்ணன் எழுந்து உட்கார்ந்து, ஒன்றுமில்லை, லேசாகக் கிறுகிறுத்தது, அவ்வளவுதான் என்றார். அவரைப் பிடித்தபோது மணி மூன்று இருபத்தைந்து. அதையும் அவள் நோட்டில் குறித்தாள். பெயர் எழுதவில்லை.

அன்று இரவு அவருக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்தாள். அவர் வழக்கம் போல டிவியில் செய்தி பார்த்தார், மோர் ஊற்றிக்கொண்டார், படுக்கப் போகும்போது, "நாளைக்கு மோட்டர் போட மறந்துடாத" என்றார். இதையெல்லாம் கடைசி முறை நடப்பதாக நினைத்து அவள் கவனித்தாள். ஒரு கட்டத்தில் தன் துணிகளை ஒரு பையில் எடுத்து வைத்தாள். எங்கே போவது என்று தெரியாததால் பிறகு அலமாரியில் திருப்பி அடுக்கினாள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு எல்லோரும் யார்டில் இருந்தார்கள். எட்டு பத்துக்கு எழுத்துகள் உதிர்ந்தன. தொடுதிரை கியர் மேலும், முன் சீட் பெல்ட்டுகள் சீட் மேலும் விழுந்தன. அலாய் சக்கரங்கள் கழன்று உருள, வண்டி ஒரு பெருமூச்சோடு தரையில் உட்கார்ந்தது. கடைசியாக ஸ்டியரிங்கின் நடு மூடி விழுந்தது. அதற்குப் பின்னால் அடைத்திருந்த தெர்மாகோலும் விழுந்தது. அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. மற்ற ஐந்து இடங்களிலும் அப்படியே. மொஹ்சின் அந்தக் குழிக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தான். பிறகு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"எனக்கே தெரியாது மச்சான், எங்கிட்ட வித்தவன் சொன்னதத்தான் சொன்னேன்" என்றான் மாரி. பிறகு, "பேஜார் பண்ணிட்டியேக்கா" என்று சாக்கைப் பிரித்து, தெர்மாகோலைக்கூட விடாமல் பொறுக்க ஆரம்பித்தான்.

உதயா வண்டியைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு இருபத்தைந்துக்கு அரிகிருஷ்ணனின் மீசையிலிருந்து சாயம் கறுப்புத் தூளாக இறங்கியது. பிறகு தலையிலிருந்து. அவர் வாயில் கைவைத்து ஒரு பல்லை எடுத்துப் பார்த்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். உதயா இரண்டு நிமிடம் காத்திருந்தாள். பிறகு இன்னும் ஐந்து நிமிடம். முழுக்க நரைத்துப்போன அந்த மனிதர் அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"இன்னாடி அப்படிப் பாக்குற? மோட்டர் போட்டியா இல்லியா?"

போட்டேன் என்றாள். கிட்டே போய், அவர் தோளில் கொட்டியிருந்த கறுப்புத் தூளை வெறுங்கையால் தட்டிவிட்டாள். இன்னொரு பதினேழு மணி நேரம் அப்போது தொடங்கியது. அவள் நோட்டில் குறிக்கவில்லை. அரிகிருஷ்ணன் தோளைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தார்.

மொஹ்சின் வெறும் குழியாக இருந்த ஸ்டியரிங்கை இன்னொரு முறை பார்த்தான். பிறகு உதயாவின் கையைப் பார்த்தான்.

"தப்பா நினைக்காதீங்கண்ணா. சிஸ்டருக்கு இந்தக் கை கம்பெனி ஃபிட்டிங்கா, இல்ல பின்னாடி வந்ததா?"

அரிகிருஷ்ணன் யோசிக்கவில்லை. ஒரு வண்டியின் வருடத்தைக் கேட்டவருக்குச் சொல்லும் அதே குரலில், ஒரு பல் குறைந்த வாயால் சொன்னார்.

"அது எங்களுக்குத் தெரியாது தம்பி. நானும் என் சம்சாரமும் செங்கல்பட்டு ஹோம்லேர்ந்து தூக்கினு வரும்போதே இவளுக்கு ஏழு மாசம்."